இரண்டாவது ஆல்பத்தில் இல்லாத பாட்டு

என் இரண்டாவது ஆல்பத்தில் ஏழு பாட்டு இருக்கிறது. எட்டு இருந்திருக்க வேண்டும். அந்த எட்டாவதுதான் எல்லாவற்றையும்விட நல்ல பாட்டு. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. எனக்குத் தலைக்கனம் என்று திருவனந்தபுரத்துப் பாட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. இருக்கிறதுதான். பாடத் தெரிந்தவளுக்கு அது கொஞ்சமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக் முன்னால் போய் நிற்கவே தைரியம் வராது.

எங்களுக்குத் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் பாத்திரக் கடை. அப்பா காலையில் வந்து பூட்டைத் திறந்து, பேப்பர் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கடையை நடத்துவது என் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். கொள்முதல், விற்பனை, வாடிக்கையாளரிடம் சண்டை, சமாதானம் எல்லாம் அவள்தான். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பேர் வெட்டுகிற வேலை. எங்கள் கடையில் எவர்சில்வர் பாத்திரம் எது வாங்கினாலும் அதில் பேர் வெட்டித் தருவோம். பேனா அளவுக்கு ஒரு மெஷின், கிர்ர் என்று சத்தம் போடும், கை கொஞ்சம் நடுங்கினாலும் எழுத்து கோணிவிடும். அக்கா தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த மாதிரி வெட்டுவாள். பக்கத்துக் கடைக்காரர்களே அவளிடம் கொடுத்து வெட்டி வாங்கிப் போவார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சீர்ப் பாத்திரங்களுக்கும் அவளேதான் பேர் வெட்டினாள். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பேரை மட்டும்தான் வெட்டுவது வழக்கம். அக்காவும் வெளியே அப்படித்தான் வெட்டினாள். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், மாப்பிள்ளையின் பேரையும் சின்னதாக வெட்டி வைத்தாள். குடம், தூக்குவாளி, சாதம் வடிக்கிற சட்டி என்று ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது கையும் களவுமாகப் பிடித்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அம்மாகிட்ட சொல்லிராதட்டி என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த மனுஷன் தனக்கு வேறு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று ஆள் அனுப்பிச் சொன்னான். பாத்திரமெல்லாம் கடைப் பரணுக்குப் போனது. பாலிஷ் போட்டால் பேர் போய்விடும், புதுச் சரக்காக விற்றுவிடலாம். அக்கா போடவுமில்லை, விற்கவுமில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

யாரும் பேசாததை நான் பாட்டாகப் போட்டேன்.

அது என் முதல் ஆல்பத்தில் வந்தது. குடத்தைக் கவிழ்த்து அடியில் பேர் வெட்டின ஒருத்தி, பேருக்குரியவன் வராமல் போன கதை. நான் ஒன்றும் யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். அக்காவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பேர் எதுவும் சொல்லவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கல்லூரிப் பிள்ளைகள் அதை வைத்து ரீல்ஸ் போட்டார்கள், ஆட்டோவில் கேட்டது, மாலில் கேட்டது. நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் சாலையில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பாடினவள் யார் வீட்டுப் பெண், அவள் அக்காவுக்கு என்ன நடந்தது என்று கூட்டிப் பார்க்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் குடத்தை எடுத்தால் முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். கல்லூரிப் பெண்கள் ரெண்டு பேர் வந்து, அந்தக் குடம் இருக்கிறதா சேச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா அவர்களுக்குப் புதுக் குடம் ஒன்றைக் காட்டி விலை சொன்னாளாம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

அன்றிலிருந்து அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சண்டை போடவில்லை, திட்டவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளுங்கம்மா என்பாள். நானும் முதலில் வீம்பாகத்தான் இருந்தேன். பொறாமை என்றுகூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆறு மாதம் போனது, ஒரு வருஷம் போனது. நான் அதே ஊரில் பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனேன். வீட்டில் எல்லோரும் வந்து பால் காய்ச்சினார்கள், அக்கா மட்டும் வரவில்லை. ஆனால் அடுக்களைக்கு வேண்டிய பாத்திரம் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்றில்கூடப் பேர் வெட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

முதல் ஆல்பம் ஓடினால் அதிர்ஷ்டம் என்பார்கள், இரண்டாவதும் ஓடினால்தான் ஆள் என்று ஒத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பாட்டு எனக்கு வரும் என்று தெரியும். என் பாட்டுகளுக்கு இசை அமைத்து ஒலிப்பதிவு செய்கிறவர் ஒரு மலையாளி, பேட்டையில் வீட்டு மாடியிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறார், வயதில் மூத்தவர் என்பதால் நான் சேட்டன் என்று கூப்பிடுவேன். அவரும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஏழு பாட்டு முடித்தோம். கிழக்கேக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் குடையில்லாமல் நிற்கிறவளைப் பற்றி ஒன்று, மலைமேல் போனக்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் தூங்கி வழிகிறதைப் பற்றி ஒன்று. எல்லாம் சந்தோஷமான பாட்டுகள், ஆடலாம். எட்டாவதாக ஒன்றை நான் தனியாக எழுதினேன். அது அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற பாட்டு.

பாடி முடித்ததும் சேட்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதுதான் முதலில் வெளியிட வேண்டிய பாட்டு, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் தானாக வரும் என்றார். எனக்கும் அது தெரிந்தது. இது பழைய குடப் பாட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதைவிட, அக்கா இதைக் கேட்டால் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். இந்த இரண்டையும் நான் ஒரே மனதோடு நினைத்தேன், அப்போது அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒரு பாட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. போனில் போட்டுக்கொண்டு பேட்டையிலிருந்து சாலை வரைக்கும் ஆட்டோவில் போவது. ஆட்டோச் சத்தத்திலும் வார்த்தை புரிந்தால் பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். அப்படி அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். யாரோ வீடு பால்காய்ச்சுக்கு வாங்கின கிண்ணங்களில் அக்கா பேர் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை அவள் முன்னால் வைத்துப் பாட்டைத் தட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெஷினை அணைத்தாள். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அவள் மேலே சொன்னாள்.

"இத எங்கிட்ட சொல்லணும்னா பேட்டையிலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு? எதுக்கு ஊருக்குச் சொல்லுத? இனி ஒவ்வொருத்தனா கடைக்கு வந்து, உன் தங்கச்சிதான் மன்னிப்புக் கேட்டுட்டாளே, பின்னே என்னம்பான். அவனுக்கும் நான் பதில் சொல்லணுமா?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த வழி பாட்டுதான், ரெண்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறேன், நீ கல்லா என்றெல்லாம் கத்தினேன். எதிர்க்கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. போதும்ட்டி, ஆள் வருது, போ என்று சொல்லிவிட்டு மெஷினை மறுபடி போட்டாள்.

திரும்புகிற வழியெல்லாம் ஆட்டோவில் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பாட்டு என்னுடையது. என் வாய், என் வார்த்தை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பிடித்தால் கேட்கட்டும், பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளட்டும். வெளியிடத்தான் போகிறேன் என்று சேட்டனிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்றார். கடைசி வரியில், அக்கா என்று கூப்பிடுகிற இடத்தில், குரல் கொஞ்சம் உடைய வேண்டும், லேசாக ஒரு விம்மல், அதிகம் வேண்டாம் என்றார்.

மைக் முன்னால் போய் நின்றேன். முதல் தடவை விம்மல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இரண்டாவது தடவை கச்சிதமாக வந்தது. மூன்றாவது தடவை அதைவிட நன்றாக வந்தது. ஸ்டுடியோக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சேட்டன் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். ஹெட்போனைக் கழற்றும்போதுதான் எனக்கே உறைத்தது. எந்த இடத்தில் எவ்வளவு அழுகை வேண்டுமோ அவ்வளவு அழுகையை அளந்து போட எனக்குத் தெரிகிறது. நினைத்த நேரத்தில் வருகிறது, திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் நன்றாக வருகிறது. இதைக் கொண்டுபோய்த்தான் நான் அக்காவிடம் மன்னிப்பு என்று நீட்டினேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இந்தப் பாட்டு வேண்டாம் சேட்டா என்றேன். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு பைத்தியமா உனக்கு என்றார். இந்தப் பாட்டுதான் ஆல்பம், மற்ற ஏழும் பொட்டலம் கட்டுகிற காகிதம் என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். என் ஏழு பாட்டை யாராவது காகிதம் என்றால் நான் விடுவேனா? அவர் அம்மா கீழேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டேன். கடைசியில் அவர் அந்தப் பாட்டை எங்கேயோ ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு, நாலு நாள் என் போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. உனக்காகப் பாட்டை எடுத்துவிட்டேன் பார் என்று சொன்னால் அதுவும் இன்னொரு பாட்டுதானே.

ஆல்பம் வெளிவந்தது. முதல் ஆல்பத்துக்குப் பூமாரி பொழிந்தவர்கள் இதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள். முன்பு இருந்த வலி இதில் இல்லை என்று ஒருவர் எழுதினார். ஆல்பம் முடிகிற மாதிரியே முடியவில்லை, ஏதோ அறுந்து தொங்குகிறது என்று இன்னொருவர் எழுதினார். அவர் காது நல்ல காது, அதை ஒத்துக்கொள்கிறேன். பாடகி இப்போது சுகமாக இருக்கிறார், அதுதான் பிரச்சினை என்று ஒரு மலையாளப் பத்திரிகையில் வந்தது. படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் கஷ்டப்பட்டால்தான் இவர்களுக்குப் பாட்டு இனிக்குமா? என் ஏழு பாட்டும் நல்ல பாட்டு. அன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நகரத்தில் ஒரு திறந்தவெளி மேடையில் கச்சேரி. புதுப் பாட்டு நாலு முடிவதற்குள், குடப் பாட்டு, குடப் பாட்டு என்று கூப்பாடு ஆரம்பித்துவிட்டது. கையைத் தட்டித் தாளம் போட்டுக் கேட்டார்கள். அந்தப் பாட்டை நான் இனிப் பாடுவதாக இல்லை என்று மைக்கில் சொன்னேன். ஏன் என்று கத்தினார்கள். காரணம் சொல்ல முடியாது, மிச்சப் பாட்டும் நல்ல பாட்டுத்தான், இருந்து கேளுங்கள் என்றேன். கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே மிச்ச மூன்றையும் பாடினேன். கடைசிப் பாட்டுக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை சேட்டன் கூப்பிட்டார். உன் வீட்டுப் பாத்திரக் கடை கேரளம் முழுவதோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, பார்த்தாயா என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. குக்கர், இட்லிக் கொப்பரை, தள்ளுபடி விவரம் என்று அக்கா போட்டுக்கொண்டிருப்பாள். அவர் அனுப்பின இடங்களில் போய்ப் பார்த்தேன். என் ஆல்பத்தைப் பற்றி யார் எங்கே எழுதியிருந்தாலும் அதற்குக் கீழே எங்கள் கடையின் பெயரில் ஒரு பதில் இருந்தது. தமிழில் எழுதினவருக்குத் தமிழில், மலையாளத்தில் எழுதினவருக்கு மலையாளத்தில். பழைய வலி இல்லை என்று எழுதினவருக்கு, வலி வேண்டுமென்றால் பல் டாக்டரிடம் போங்கள் சார், இது பாட்டு என்று எழுதியிருந்தாள். மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை மூச்சே எடுக்காமல் பாடியிருக்கிறாள், ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள் என்று இன்னொருவருக்கு. நடுவில் யாரோ ஒருவர் இட்லிக் கொப்பரை விலை கேட்டிருக்கிறார். ஒன்பது குழியா பதினாறு குழியா என்று அதற்கும் பதில் இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே கடைசியாக இருந்ததைத் திறந்தேன். முந்தின நாள் மேடையில் நான் பாட மறுத்ததை ஒருவர் படம்பிடித்துப் போட்டு, தலைக்கனம் பிடித்தவள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே எங்கள் கடை எழுதியிருந்தது: "அவ பாடலைன்னா அதுக்குக் காரணம் இருக்கு. அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவேண்டியது இல்ல."

பல்கூடத் தேய்க்காமல் ஆட்டோ ஏறினேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அக்கா தூக்குவாளிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கையில் போன் இல்லை, பாட்டு இல்லை, என்ன சொல்லப்போகிறேன் என்றுகூட யோசித்து வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன்க்கா என்றேன். குரல் தகர டப்பா மாதிரி இருந்தது, பாதியில் மூக்கு வேறு ஒழுகியது. சேட்டன் கேட்டிருந்தால் மறுபடி எடுக்கலாம் என்றிருப்பார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லுகிற மாதிரி சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"பாடாதேன்னு நான் என்னைக்காவது சொன்னேனாட்டி? ஒரு வார்த்த கேட்டியா நீ? கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள், வலித்தது. அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். குக்கர் வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அந்தப் பாட்டைப் பாடட்டுமா? வேண்டாம் என்பாள். சரிக்கா என்பேன். அது முடிந்ததும் கடை, அம்மாவின் முட்டி வலி, புதிதாக வந்திருக்கிற கிரைண்டர் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும், மேடைக்கு வரச்சொல்லி ஆள் வந்து நிற்பான். கூட்டத்தில் குடப் பாட்டுக் கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

போன மாதம் வெளியூரில் ஒரு கல்லூரியில் பாடப் போயிருந்தேன். வழக்கம்போலக் கூப்பிட்டுக் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், கட்டாகவில்லை. கடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி," என்றாள்.

எப்போதும் வேண்டாம் என்று மட்டும்தான் சொல்வாள். சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்குப் போனேன். அன்றைக்கு நான் பாடின மாதிரி அந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.